மிக்ஸி போடக் கூடாத நேரம்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் ஒரு சட்டம் இருந்தது. காலை நாஷ்டா முடிந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் மிக்ஸி போடக் கூடாது. சட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். மீறினால் உள் அறையிலிருந்து பாய்ந்து வருவார். "பாட்டுக்குள்ள உன் சட்னி பூந்துட்ச்சி மே! மறுபடியும் மொதல்லருந்து ஏத்தணும்" என்று தலையில் அடித்துக்கொள்வார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "அப்ப பாட்டத் தொட்டுக்கினு இட்லி துன்னு" என்று கரண்டியோடு நிற்பேன். ஆனாலும் கடைசியில் அம்மிக்கல்லைத் தேடிப் போனது நான்தான்.

அவருக்கு மைக் செட்டுத் தொழில். மானாம்பதியில் வீடு. சுற்றுப்பட்டில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் வார்ப்பது, எது நடந்தாலும் முன்னதாகப் போய்ப் புளியமரத்திலும் தென்னையிலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ரெக்கார்டு போடுவார். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் ஊருக்கு ஊர் சண்டை வரும். "அவங்க தெருவுக்கு ரெண்டு, எங்க தெருவுக்கு ஒண்ணா?" என்பார்கள். அவர் வாதாட மாட்டார். பேசாமல் மரம் ஏறித் திருப்பிவிட்டு இறங்குவார். ஒரே ஒரு குழாயை மட்டும் யார் சொன்னாலும் திருப்ப மாட்டார். அது ஊர்க்கோடியில், ஏரி ஓரமாகக் குடியிருக்கும் கூலிக்காரச் சனங்களின் பக்கம் பார்த்திருக்கும். "அங்க கீறவங்களுக்கும் காது கீது" என்பார். இந்த ஒரு குணத்துக்காக அவருடைய மற்ற குணங்களையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷத்தில் எங்கே பார்த்தாலும் சிடி வந்துவிட்டது. "இன்னாண்ணே, இன்னும் தட்டு போட்டுக்கினு கீறயே" என்று இளவட்டங்கள் கேலி பேச ஆரம்பித்தார்கள். கடையில் விற்கிற சிடியை வாங்கிப் போட்டிருக்கலாம். மனுஷன் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டிகளில் பழைய அம்மன் பாட்டு, நலங்குப் பாட்டு, நாகஸ்வரம், கூத்துப் பாட்டு என்று கடையில் கிடைக்காததெல்லாம் ரெக்கார்டுத் தட்டுகளாகக் கிடந்தன. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தானே சிடி போடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள், தன் வீட்டுக்குப் புதுசு வாங்கியதும் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தாள்.

கம்ப்யூட்டரின் முதுகில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒன்று ரோஸ், ஒன்று நீலம், ஒன்று பச்சை. ரோஸ் ஓட்டைக்குப் பக்கத்தில் மைக் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. ரெக்கார்டு பிளேயரின் வயரை நேராகக் கொண்டுபோய் அதில் செருகினார். மகள் சிரித்துக்கொண்டே பிடுங்கி நீலத்தில் செருகினாள். "உள்ள போறது நீலத்துல நைனா. வெளிய ஸ்பீக்கருக்கு வர்றது பச்சையில. ரோஸைத் தொடாத" என்றாள். அவர் அந்த மைக் படத்தை ஏக்கத்தோடு பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்த வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை. பாட்டு எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஓடித்தான் உள்ளே போகும். தட்டைத் துணியால் துடைத்து, முள்ளை வாயால் ஊதி, மெதுவாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். திரையில் ஒரு பச்சைப் பட்டை உப்பியும் சுருங்கியும் நகர்ந்துகொண்டே போகும். அதுதான் பாட்டு. எங்கள் வீட்டு ஒயரிங் பழசு என்பதால் மிக்ஸி சுற்றினால் அந்த 'கொர்' சத்தமும் வயர் வழியாகப் பாட்டில் ஏறிவிடும். சட்டம் வந்தது அதனால்தான்.

அப்படியே ஒரு வருஷம் போலப் போயிற்று. நான் அம்மிக்குப் பழகிவிட்டேன், அவரும் பாய்ந்து வருவதை விட்டுவிட்டார்.

ஒரு நாள் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மீன் குழம்புக்கு மசாலா அரைக்க வேண்டும். எனக்கோ தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. உள்ளே பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. வந்த ஆத்திரத்தில், ஆனது ஆகட்டும் என்று மிக்ஸியைப் போட்டுவிட்டேன். அவர் வந்து குதித்தால் சொல்வதற்கு இரண்டு மூன்று பதில்களை நல்ல காரமாகத் தயார் செய்தும் வைத்தேன். மசாலா நைஸாக அரைந்து முடிந்தது. அவர் வரவில்லை.

போய் அறை வாசலில் நின்றேன். ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி சுகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "இன்னாய்யா, மிக்ஸி போட்டேன்" என்றேன். திரும்பவில்லை. பாட்டு சத்தத்தில் கேட்கவில்லையோ என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்து, தட்டு வெறுமனே சுற்றியது. ஒரு கை தூரத்தில் நின்று மறுபடியும் சொன்னேன். அவர் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொல்லையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. கொழுப்பு என்று நினைத்தேன். டிவியை அலற விடுவார். தொழில் புத்தி என்று நினைத்தேன். கூப்பிட்டு அலுத்துப்போய், "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று கத்துவது என் வழக்கம். வாயில் தானாக வரும் பழமொழிதான், அர்த்தம் பார்த்தா பேசுகிறோம்? அன்றைக்கு அதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் குழாய்க்குக் கீழேயே உட்கார்ந்திருந்தவர். ஊருக்குக் கேட்க வேண்டும் என்று வைத்த சத்தமெல்லாம் முதலில் விழுந்தது அவர் காதில்தானே.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து அவர் மாப்பிள்ளையோடு கடைவீதிக்குப் போனதும், ஏற்றி வைத்திருந்த பாட்டுகளை மகள் போட்டுக் காட்டினாள். ஆரம்பத்தில் ஏற்றியவை நன்றாக இருந்தன. போகப் போக எல்லாமே கரகரவென்று, கிழிந்த முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி கேட்டது. திரையில் பட்டை மேலும் கீழும் முட்டி, ஓரமெல்லாம் சிவப்பாக இருந்தது. "செவப்பைத் தொட்டா அதுக்கு மேல கீற பாட்ட கம்ப்யூட்டரு சீவி எறிஞ்சிடும்மா. அப்பறம் ஒண்ணியும் பண்ண முடியாது" என்றாள். அப்பாவுக்கு ஏன் இது கேட்கவில்லை என்று கேட்டாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மாதம் பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். பெரிய நிலக்காரக் குடும்பம். பெண்ணின் அண்ணன் வந்து பாக்கு வைக்கும்போதே, "பாட்டு சுத்தமா இருக்கணும்ணே. கரகரன்னா காஞ்சிபுரத்துலருந்து வேற ஆளக் கூட்டியாந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வேறு ஆள் வந்தால்கூடப் பரவாயில்லை. பந்தலில் நாலு பேர் நடுவில், மைக் செட்டுக்காரனுக்குக் காது கேட்கவில்லை என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் அவர் தாங்க மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான். என்னிடம் எத்தனை திட்டு வாங்கினாலும் சிரிக்கிற மனுஷன், தொழிலில் ஒரு சொல் பட்டால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரிலேயே வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். அதனால் திருட்டுத்தனமாக ஒரு வேலை செய்தேன். அவர் உத்திரமேரூர் கடைக்கு ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கப் போகும் நேரத்தில், அறைக்குள் போய், கெட்டுப்போன பாட்டுகளை நானே மறுபடி ஏற்றினேன். முதல் நாள் முள்ளை வைக்கும்போது கை தவறித் தட்டின்மேல் சர்ரென்று ஒரு கோடு இழுத்துவிட்டேன். பிறகு பழகிவிட்டது. மகள் போனில் சொன்னபடி, சிவப்பு பக்கமே போகாமல், பாதிப் பச்சையிலேயே நிறுத்தினேன். கேட்கக் கேட்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாள் குழாயில் கேட்ட பாட்டுக்குள் ஒரு புல்லாங்குழல் இருந்ததே எனக்குத் தெரியாது.

திருட்டு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு மத்தியானம் அறையிலிருந்து சத்தம். "தே, இங்க வா! யாரு என் பாட்டயெல்லாம் எளைக்க வெச்சது?"

போனேன். திரையைச் சுட்டிக் காட்டினார். அவர் ஏற்றிய பட்டை கொழுத்திருந்த இடத்தில், நான் ஏற்றியது ஒல்லியாக நெளிந்துகொண்டிருந்தது. மாட்டிக்கொண்டேன். அவர் எதிரே போய் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாக அசைத்து, "நான்தான். நீ ஏத்துனது எல்லாம் கரகரன்னு கீது" என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்ப கண்டுபுட்ச்ச?" என்றார்.

"மிக்ஸி போட்டன்னிக்கி."

தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு முன்னாலேயே தெரியும். முதலில் சலங்கைச் சத்தம் போனதாம். அப்புறம் மணி. அதற்கப்புறம் பொம்பளைக் குரல். "டாக்டராண்ட போயி பாத்துட்டேன். நரம்பு போச்சின்னுட்டாரு. முழுசா போறதுக்குள்ள எல்லாத்தயும் ஏத்திப்புடலாம்னுதான் பேஜாரு புட்ச்ச இந்த வேலைய எட்த்துகினேன். காது சொல்லாத வேலைய கண்ணு சொல்லட்டும்னு பட்டையப் பாத்துப் பாத்து ஏத்துனேன். மரக்கால்ல நெல்லு அளந்தா குமிச்சி அளந்தாத்தான மே மனசு நெறையும்? அதான் பட்ட முட்ட முட்ட ஏத்திட்டேன்."

அதில் அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. வெட்டவெளியில் குழாய் கட்டுகிறவனுக்கு ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் காட்டும் முள் சிவப்பில் நின்றால்தான் பாட்டு அடுத்த ஊர் எட்டும். சிவப்பு என்றால் அவருக்குச் சந்தோஷம். அது கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று எந்தக் கண் சொல்லும்?

"பொம்பள கொரலு போச்சின்னியே. என் கொரலு?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ போச்சி. இதுல எனக்கு அது ஒண்ணுதான் லாபம்" என்றார்.

கையில் இருந்த துணியால் அவரை அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். அவரும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ எப்பவும் சொல்லுவியே, செவிடன் காதுல ஊதுன சங்குன்னு. காதுல கேக்காது மே, ஆனா ஊதறது கண்ணுக்குத் தெரியும்" என்றார். காதுக்கு மிஷின் வாங்கலாம் என்றேன். மைக் செட்டுக்காரன் காதில் மிஷினா என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அந்த விஷயத்தில் கடைசிவரை நான் ஜெயிக்கவில்லை.

மறுநாளிலிருந்து சேர்ந்தே ஏற்றினோம். தட்டும் முள்ளும் அவர் பொறுப்பு, காது என் பொறுப்பு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்துக்கு நேராகப் போய்க் கத்திக்கொண்டிருக்க முடியுமா? அப்போதுதான் எங்களுக்குப் பழைய துண்டு பாஷை ஞாபகம் வந்தது.

நான் தென்னேரிக்காரி. கல்யாணமான புதுசில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கே இவர் மைக் செட்டு கட்டினார். மாப்பிள்ளை முறுக்கு எல்லாம் கிடையாது. வந்த வேகத்தில் மரம் ஏறினார். என் கையில் ஒரு துண்டைக் கொடுத்து ஏரிக்கரையின் அந்தக் கோடிக்குப் போய் நிற்கச் சொன்னார். தூரத்தில் நிற்கிற ஆள் துண்டால் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் தூக்கி ஆட்டினால் நன்றாகக் கேட்கிறது. கீழே தாழ்த்தி ஆட்டினால் சத்தம் போதாது, ஏற்று. வட்டமாகச் சுற்றினால் கரகரக்கிறது, இறக்கு. மைக்கில் அவர் குரல் வந்தது: "அலோ, அலோ... கேக்குதா?" ஊரே பார்க்க, நான் வெட்கத்தோடு துண்டைத் தூக்கி ஆட்டினேன். என் சித்தி வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டாத நாள் இல்லை.

அதே பாஷையை அறைக்குள் கொண்டுவந்தோம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் துண்டோடு கட்டிலில் உட்காருவேன். அவர் முள்ளை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் துண்டைச் சுற்றினால் குறைப்பார். தாழ்த்தினால் கூட்டுவார். தூக்கி ஆட்டினால் முகமெல்லாம் பல்லாக அடுத்த தட்டை எடுப்பார். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டம்மா எனக்குச் சாமி வந்துவிட்டதாக நினைத்து, எந்த அம்மன் என்று மறுநாள் விசாரித்தாள்.

பெருநகர் கல்யாணத்துக்கு நானும் போனேன். தனியாக வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறதாம் எனக்கு. எங்கள் தெரு நாயே என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகும், ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். "இன்னாண்ணே, இந்த வயசுலயும் பொண்டாட்டிய வுட்டு இருக்க முடியலியா?" என்று பந்தல்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் அது கேட்ட மாதிரியே சிரித்து வைத்தார். சாயங்காலம் பெண் அழைப்புக்கு முதல் சிடி போட்டார். நான் தென்னந்தோப்பு ஓரத்தில் தோளில் துண்டோடு நின்றேன். நாகஸ்வரம் மரத்திலிருந்து இறங்கி வந்தது. ஒரு தூசி இல்லை. நான் துண்டைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

பெண்ணின் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போவதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாட்டில் நின்று ஏதோ சொன்னார். அவர் வாய் இவருக்குத் தெரியாது. இவர் என்னைத் தேடினார். நான் ஓட்டமாகக் கொஞ்ச தூரம் கிட்டே வந்தேன். "பாட்டு கண்ணாடியாட்டம் கீதுண்ணே" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. துண்டைத் தூக்கி, கை வலிக்கும் வரை ஆட்டினேன். இவர் உடனே அவர் பக்கம் திரும்பி, "எல்லாம் மிஷினு பண்ற வேல தம்பி" என்றார். அன்றைக்கு அந்த மனுஷனுக்கு நான் எதையும் மன்னித்திருப்பேன்.

அடுத்த நாள் காலையில் முகூர்த்தம் முடிகிறவரை ஒரு குறையும் இல்லை. ஊர்க்கோடிப் பக்கம் பார்த்த குழாயும் கடைசி வரை பாடியது.

அதற்குப் பிறகும் சில வருஷம் தொழில் நடந்தது, நானும் துண்டோடு கூடவே போனேன். மிச்சமிருந்த தட்டுகளை வேலை இல்லாத நாட்களில் ஏற்றி முடித்தோம். அதற்குள் அவருக்கு இடிச் சத்தமும் கேட்காமல் போயிருந்தது.

கடைசிப் பெட்டியும் காலியான வாரத்தில் ஒரு நாள், மத்தியானச் சமையலுக்குத் தேங்காய் அரைக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்தாலும் சட்டம் சட்டம்தான். மிக்ஸி போடலாமா என்று கேட்க அறைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே ஏற்றிய ஒரு நலங்குப் பாட்டை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தவில் வருகிற இடத்தில் தலையை ஒரு வெட்டு வெட்டினார். பல்லவி திரும்புகிற இடத்தில் விரலைத் தூக்கினார். உதடு பாட்டின் வார்த்தைகளைச் சரியாக முணுமுணுத்தது.

ஆனால் அறையில் ஒரு சத்தமும் இல்லை. குனிந்து பார்த்தேன். காலையில் நான் பெருக்கும்போது துடைப்பம் பட்டு, பச்சை ஓட்டையிலிருந்து ஸ்பீக்கர் வயர் கழன்று தரையில் கிடந்தது.

நிழல் ஆடியதில் அவர் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. திரையைக் காட்டி, மைக்கில் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "கேக்குதா மே?"

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். அவர் திருப்தியாகத் திரும்பிக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். வயரை, அவர் சாப்பிட எழுந்து போன பிறகுதான் செருகினேன்.